மெழுகுதிரித் திருநாளில் பாதிப் புல்



கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் குடில் அமைக்கிறோம். வைக்கோல் பரப்பிய தொட்டியின் ஒரு பக்கம் மாடும் மறுபக்கம் கழுதையும் நிற்கின்றன. லூக்கா நற்செய்தியாளர் தீவனத் தொட்டியைக் குறிப்பிடுகிறாரேயன்றி மாட்டைக் குறிப்பிடவில்லை. எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்திலிருந்துதான் அம்மாடு நம் குடிலுக்குள் நடந்து வந்தது. 1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய பின் அது அங்கேயே நிலைபெற்றுவிட்டது. தீவனத் தொட்டி இருந்தது எனின், நாள்தோறும் அதில் தீவனம் இட்ட ஒரு மனிதனும் இருந்திருக்க வேண்டும். அவனைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

உழைப்பாளரின் அன்றாட வாழ்வை ஒவ்வொன்றாக நோக்கிவரும் இப்பகுதியில், இத்திங்கள் அம்மனிதனின் தொழிலைச் செய்வோரைப் பற்றிச் சிந்திப்போம். அதுவும் அத்தொழில் மிகக் கடினமாக இருக்கும் இடத்திலும் காலத்திலும் அவர்களைச் சந்திப்போம். இடம், சுவிட்சர்லாந்து நாட்டின் ஃபிரிபூர் மாநிலம். காலம், வெண்பனி நிலத்தை மூடிக்கிடக்கும் குளிர்காலம்.

ஃபிரிபூர், நெடுங்காலமாகக் கத்தோலிக்க விசுவாசம் வேரூன்றிய மண். திருச்சபையின் மறைவல்லுநராகிய புனித பீட்டர் கனிசியுஸ் 1597ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் உயிர்நீத்தது இம்மாநிலத்தின் தலைநகரிலேயே. உலகெங்கும் அறியப்பட்ட குருயேர் என்னும் பாலாடைக்கட்டி பெயர் பெற்றதும் இங்குள்ள மலைச்சீமையிலிருந்துதான். நம் பக்கத்து மக்களுக்கும் சுவிட்சர்லாந்து மாடுகளுக்கும் ஓர் உறவு உண்டு. மூணாற்றுக்கு அருகில் மாட்டுப்பட்டி என்ற இடத்தில் 1963ஆம் ஆண்டில் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அங்குக் கொண்டுவரப்பட்ட 'பிரவுன் சுவிஸ்' இனக் காளைகளையும் நாட்டுப் பசுக்களையும் கலந்தே 'சுநந்தினி' என்னும் புதிய இனம் உருவாயிற்று. ஆகவே அம்மலைநாட்டு மாட்டுக்காரர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

புல்லின் கணக்கு

கோடையில் ஆல்ப்ஸ் மலையின் மாடுகள் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிச் செல்கின்றன. செப்டம்பர்த் திங்கள் வாக்கில் கழுத்தில் பெருமணி ஒலிக்க, தலையில் மலர்ச்சூட்டு விளங்க, ஊர்வலமாகக் கீழே இறங்குகின்றன. கோடைக்காலத்தில் உடையவர் வீட்டில் இழவு நேர்ந்திருந்தாலோ, மந்தையில் பேரிழப்பு ஏற்பட்டிருந்தாலோ, ஆல்ப்ஸ் மலைப் பகுதிகள் பலவற்றில் அவ்வாண்டு மாடுகளுக்கு மலர் சூட்டுவதில்லை. மனிதனின் துயரத்தில் மாடும் பங்கு கொள்வதாக அவர்கள் கருதுகிறார்கள். இம்மேய்ச்சற்பருவ மரபை 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பார்வையாளர் திரண்டு வந்து கைதட்டுவது இந்த ஊர்வலத்திற்கே. மாடுகள் கொட்டகைக்குள் நுழைந்து கதவு அடைபட்டபின் தொடங்கும் வாழ்வைக் காண எவரும் வருவதில்லை.

பனிக்காலத்தில் அங்கே புல் ஒரு தழையும் முளைப்பதில்லை. நவம்பர் முதல் நாளாகிய சகல புனிதர் திருநாள் தொடங்கி, மே முதல் நாளாகிய தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள் வரை, ஏறக்குறைய 180 நாள்கள் மாடு தின்பது முழுவதும் கோடையில் அறுத்து உலர்த்திப் பரணில் சேமித்த புல்லே. கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்குப் 16 கிலோ உலர்புல் தின்னும் எனக் கொள்வோம். 180 நாள்களுக்கு 2,880 கிலோ ஆகிறது. 20 பசுக்கள் உள்ள பண்ணைக்கு 57,600 கிலோ, அதாவது ஏறத்தாழ 58 டன் புல் வேண்டும். செங்குத்தான மலைச்சரிவில் இயந்திரம் ஏற இயலாத இடங்களில் அரிவாளால் அறுத்து, கையால் வாரி, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்துச் சேர்த்த புல்லும் அதில் உண்டு.

அப்புல்லைச் சேமிப்பதிலும் ஆபத்து உண்டு. ஈரம் முழுதும் வற்றாத புல்லைக் குவித்து வைத்தால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு பிறக்கிறது. அச்சூடு நாளுக்கு நாள் ஏறி, சில வாரங்களுக்குப் பின் எவரும் நெருப்பு வைக்காமலே புற்குவியல் தானாகத் தீப்பற்றிக் கொள்கிறது. மழைமேகம் கண்டு அவசரப்பட்டு ஒருநாள் முன்னதாக வாரிச் சேர்த்த புல், பின்னொரு நள்ளிரவில் கொட்டகையையும் வீட்டையும் எரித்துவிடக்கூடும். ஆகவே புல்லைச் சேர்த்த உழவர் பல வாரங்கள் வரை அதன் நடுவே நீண்ட கோல்வடிவ வெப்பமானியைச் செருகிச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்.

இப்புற்கணக்கை அடியொற்றி ஐரோப்பிய உழவரிடையே ஒரு பழைய விதி வழங்கி வருகிறது. பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, பரணில் பாதிப் புல் மீதி இருக்க வேண்டும் என்பதே அது. நாள்களை எண்ணிப் பாருங்கள். சகல புனிதர் திருநாளிலிருந்து அத்திருநாளுக்கு முந்திய நாள் வரை 93 நாள்கள். அத்திருநாளிலிருந்து ஏப்ரல் கடைசி வரை 88 நாள்கள். குளிர்காலத்தின் நட்டநடுவே அத்திருநாள் நிற்கிறது. கணித நூல் கல்லாத முன்னோர் திருச்சபையின் நாள்காட்டியையே அளவுகோலாகக் கொண்டு எவ்வளவு சரியாக அளந்திருக்கிறார்கள்!

இவ்விதியின் நுட்பம் இன்னொன்று. பிப்ரவரியில் பகல் நீண்டுவருகிறது. சில நாள்களில் வெயில் பளீரென்று அடிக்கும். பனிக்காலம் முடிந்தது என்று மனம் சொல்லும். கையும் தாராளமாகும். ஆனால் புல் முளைக்க இன்னும் மூன்று திங்கள் உண்டு. அந்த ஏமாற்றும் வெயிலைக் கண்டு மயங்காதிருக்கவே, உழவர் கையில் மெழுகுதிரியுடன் ஆலயத்திலிருந்து திரும்பியதும் பரணில் ஏறி அளந்து பார்க்க வேண்டும் என்று முன்னோர் வகுத்தனர்.

அளந்ததில் பாதிக்குக் குறைவாயிருந்தால் என் செய்வது? வழிகள் மூன்று. அதிக விலை கொடுத்துப் புல் வாங்கலாம். ஒன்றிரண்டு மாடுகளை இப்போதே விற்றுவிடலாம். அல்லது எல்லா மாடுகளுக்கும் தீவனத்தைக் குறைத்து, ஏப்ரல் வரை அரைவயிற்றோடு ஓட்டலாம். மூன்றாவது வழியே செலவில்லாதது. வெளியார் கண்ணுக்கும் தெரியாதது. ஆனால் சினைப்பசுவும் அதன் வயிற்றுக்கன்றும் அதனால் நலிகின்றன. வசந்தம் வரும்போது எழுந்து நிற்கவே வலுவற்ற மாடுகள் மேய்ச்சலுக்கு எவ்வாறு ஏறும்? ஆகவே மனச்சாட்சியுள்ள உழவர், தாம் பெயரிட்டு வளர்த்த பசுவைக் கண்ணீரோடு விற்பாரேயன்றி மந்தையைப் பட்டினி போடமாட்டார். நீதிமான் தன் கால்நடையின் உயிரையும் கருதுகிறான் என்னும் கருத்து நீதிமொழிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் உண்டு. அது எவ்வளவு விலையுள்ள நீதி என்பது பிப்ரவரித் திங்களில் பரண்மீது நிற்பவருக்கே தெரியும்.

ஒரு நாளின் ஒழுங்கு

காலை ஐந்து மணி. வெளியே இருள், முழங்கால் அளவு பனி. கொட்டகைக் கதவைத் திறந்ததும் இளஞ்சூடான காற்று முகத்தில் படுகிறது. அதற்குக் காரணம் அடுப்போ மின்சாரமோ அன்று. 38.5 பாகை வெப்பமுள்ள மாட்டின் உடம்பும், அதன் வயிற்றறைகளில் ஓயாது நடைபெறும் நொதிப்பும் தரும் சூடே அது. பசு ஒன்று நாளொன்றில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறது. அசைபோடும் மாடு நலமாயிருக்கிறது. அசைபோடாது தலை கவிழ்ந்து நிற்கும் மாட்டை உழவரின் கண் முதல் நொடியிலேயே கண்டுகொள்கிறது.

முதலில் சாணம் வாரிக் கூட்டி, புதிய வைக்கோல் பரப்புகிறார். பிறகு புல் இடுகிறார். மாடு தின்றுகொண்டிருக்கும்போது மடியைத் துடைத்து, முதல் பீரைத் தனியாகக் கறந்து பார்க்கிறார். திரிதிரியாகப் பால் வந்தால் மடிநோயின் அறிகுறி. அதன் பின்னரே கறவை இயந்திரத்தைப் பொருத்துகிறார். மனைவியார் கன்றுகளுக்குப் பால் ஊட்டுகிறார். பால் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவுகிறார். பல பண்ணைகளில் கணக்கு எழுதுவதும் அவரே. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் முன் ஒரு வேலையேனும் அவர்களுக்கு உண்டு.

குருயேர்ப் பாலாடைக்கட்டிக்குப் பால் அளிக்கும் பண்ணையாயின், காலைப் பாலும் மாலைப் பாலுமாக நாளொன்றுக்கு இரு முறை பால் செய்கூடத்திற்குப் போய்ச் சேர வேண்டும். பனி பெய்து வழி மூடியிருந்தால், பாலுக்கு முன் பாதையைத் திறக்க வேண்டும். அப்பசுக்களுக்கு ஊறுகாய்ப்புல் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. புளித்த தீவனத்தில் உள்ள நுண்ணுயிர் வித்துகள் பாலில் கலந்தால், திங்கள் பல கழிந்து முதிரும் வேளையில் கட்டி உப்பி வெடித்துவிடும். 35 கிலோ எடையுள்ள ஒரு கட்டிக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் தேவை. ஓர் உழவர் செய்த தவறு அயலார் பலரின் பாலையும் பாழாக்கிவிடும். ஆகவே கண்காணிப்பார் இல்லாத கொட்டகையிலும் அவர் நேர்மையாக நடக்கவேண்டியிருக்கிறது.

காலையுணவுக்குப் பின்னும் ஓய்வில்லை. தண்ணீர்க்குழாய் உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டும். கறவைப் பசு நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். ஒரு வேளை தவறினால் பால் உடனே குறையும். கட்டுத்தறியில் வைத்து வளர்க்கும் மாடுகளை ஆண்டில் 90 நாள்களாவது வெளியில் நடமாட விடவேண்டும் என்றும், அவற்றுள் 30 நாள்கள் குளிர்காலத்தில் அமைய வேண்டும் என்றும் அந்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. அவிழ்த்துவிட்டதும் முதிய பசுக்களும் கன்றுகளைப் போலப் பனியில் துள்ளுகின்றன.

சாணத்தையும் கோமியத்தையும் நினைத்தபோது வயலில் கொட்ட இயலாது. உறைந்த நிலம் அவற்றை உறிஞ்சாது. பனி இளகும்போது யாவும் ஓடைக்குள் ஓடி நீரைக் கெடுக்கும். எனவே பனி மூடிய நிலத்தில் இடுவதைச் சட்டம் தடுக்கிறது. திங்கள் கணக்கில் தொட்டியில் தேக்கிவைக்க வேண்டும். நடுப்பகலில் காட்டில் மரம் வெட்டுதல், கருவிகளைப் பழுதுபார்த்தல் ஆகிய வேலைகள் உண்டு. பண்ணை வருவாய் போதாமையால், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தலங்களின் இழுவைத்தேர்களில் கூலிக்குப் பணிபுரியும் மலை உழவரும் பலர். மாலையில் மீண்டும் கறவை. இரவு படுக்கும் முன் கைவிளக்குடன் கடைசிச் சுற்று. இவ்வாறே நூற்றெண்பது நாள்கள்.

சினை முதிர்ந்த பசு இருந்தால் அந்த உறக்கமும் இல்லை. ஏறக்குறைய ஒன்பது திங்களும் பத்து நாளும் சுமந்த பசு, பெரும்பாலும் நள்ளிரவிலேயே நோவு காண்பதாக உழவர் நகைத்துக்கொள்வதுண்டு. பிறந்த கன்றை வைக்கோலால் தேய்த்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் குளிர் கொண்டுபோய்விடும். மனிதக் குழந்தை தாயின் கருவிலேயே நோய் எதிர்க்கும் ஆற்றலில் ஒரு பங்கைப் பெறுகிறது. கன்றுக்கு அப்பேறு இல்லை; அது சீம்பாலின் வழியே மட்டும் அதைப் பெறுகிறது. பிறந்து ஓரிரு நாளில் கன்றின் குடல் அவ்வாற்றலை ஏற்கும் தன்மையை இழந்துவிடுகிறது. முதல் சில மணி நேரம் பொன்னானது. ஆகவே இரவு இரண்டு மணிக்கும் உழவர் மண்டியிட்டு, தள்ளாடும் கன்றின் வாயை மடிக்குக் கொண்டுசெல்கிறார்.

குளிரினும் கொடியது

புதிதாகத் தொழிலுக்கு வருவோர் பனியைக் கண்டு அஞ்சிக் கொட்டகையின் எல்லாப் பலகணிகளையும் அடைத்துவிடுவார்கள். அன்பினால் செய்யும் இச்செயலே மாட்டுக்குக் கேடாகிறது. மாடு வெப்பத்தை விடக் குளிரை நன்றாகத் தாங்கும். வயிறு நிறையத் தீவனமும் உலர்ந்த படுக்கையும் இருந்தால், உறைநிலைக்குக் கீழான குளிரும் அதை வாட்டுவதில்லை. அடைபட்ட கொட்டகையில் மூச்சின் ஈரமும் சிறுநீரின் காரமும் தேங்கிக் கன்றுகளுக்கு நுரையீரல் காய்ச்சலை விளைவிக்கின்றன. காற்று உலவ வேண்டும். ஆனால் உடம்பின்மீது நேரே வீசக் கூடாது. இந்த அளவை அறிந்தவரே நல்ல மாட்டுக்காரர். பிள்ளை வளர்ப்போருக்கும் இது நல்ல பாடம். எல்லாக் கதவுகளையும் அடைத்து வளர்ப்பது பாதுகாப்பன்று.

மலைநாட்டில் தாங்க இயலாத ஆபத்தும் உண்டு. 1951ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனிப்பாறைச் சரிவுகளால் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் மாண்டனர். ஜனவரி 20ஆம் நாள் வால்ஸ் என்னும் மலைச்சிற்றூரில் 19 உயிர்கள் ஒருசேரப் பனியில் புதைந்தன. அப்பேரிடருக்குப் பின் சரிவுகளில் தடுப்புச் சுவர்களும் பாதுகாப்புக் காடுகளும் பெருகின. ஆயினும் பனி கனத்துப் பெய்யும் இரவுகளில், மலையடிவாரத்துக் கொட்டகையில் நிற்கும் மாடுகளை விட்டுப் போக மனமின்றித் தவிக்கும் உழவரின் நெஞ்சத்தை எச்சுவர் காக்கும்?

புனிதர்களோடு ஒரு குளிர்காலம்

இத்தனை தனிமையிலும் அம்மக்களுக்குத் துணை நின்றது திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு. கிறிஸ்து பிறப்பு இரவில் கால்நடைகள் பேசும் என்பது ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் வழங்கும் கதை. அவ்விரவில் மாடுகளுக்கு வழக்கத்தினும் நல்ல புல் இடுவது பல ஊர்களில் மரபு. ஆஸ்திரியா, பவேரியா முதலிய ஆல்ப்ஸ் பகுதிகளில், மூவரசர் திருநாளையொட்டிக் குடும்பத் தலைவர் தூபக்கலசம் ஏந்தி, செபமாலை சொல்லிக்கொண்டு, வீட்டின் அறைகளுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தூபம் காட்டுகிறார்.

ஜனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியாரின் திருநாள். எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தவம் புரிந்த அம்முனிவர் மந்தை வைத்திருந்தவர் அல்லர். ஆயினும் அவர் பெயரால் எழுந்த துறவியர் சபை நோயாளரைப் பேணுவதற்காகப் பன்றிகளை வளர்த்தது. அப்பன்றிகள் கழுத்தில் மணியோடு நகர்த்தெருக்களில் தடையின்றித் திரிய உரிமை பெற்றிருந்தன. அதனால் அவர் கால்நடைகளின் காவலரானார். உரோமையில் புனித பேதுரு சதுக்கத்திற்கே அந்நாளில் கால்நடைகளைக் கொண்டுவந்து மந்திரிக்கும் வழக்கம் உண்டு. பிப்ரவரி 2, மேலே நாம் கண்ட மெழுகுதிரித் திருநாள். பிப்ரவரி 5, புனித ஆகத்தம்மாள் திருநாள். தீயினின்று காக்கும் இப்புனிதையின் நாளில் சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க ஊர்களில் அப்பம் மந்திரித்து வீட்டில் வைப்பர். காய்ந்த புல் ஐம்பது டன்னுக்கு மேல் தலைக்குமேல் பரணில் இருக்க, அதன் கீழே உறங்கும் குடும்பம் தீயைப் பற்றி எவ்வாறு கவலைப்படாதிருக்கும்? இவை வெறும் சடங்குகள் என்று நகைப்போர் ஒரு கொட்டகையையாவது குளிர்காலம் முழுதும் காத்துப் பார்க்கட்டும்.

மாட்டுக்கு ஞாயிறு உண்டா?

ஞாயிறன்றும் மடி பால் சுரக்கிறது. கிறிஸ்து பிறப்பு அன்றும் சாணம் வார வேண்டும். அப்படியாயின் மாட்டுக்காரர் ஆண்டவரின் நாளை மீறுகிறாரா?

இக்கேள்விக்கு ஆண்டவரே விடை தந்துள்ளார். பதினெட்டு ஆண்டுகளாகக் கூனிப்போயிருந்த பெண்ணை ஓய்வுநாளில் குணமாக்கியதைக் குறைகூறியவர்களை நோக்கி, நீங்கள் ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று அவர் வினவியதை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மாட்டுக்காரர் ஞாயிறன்று செய்யும் வேலையை ஆண்டவர் கண்டிக்கவில்லை. அதையே இரக்கத்திற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், குடும்பத்தின் தேவைகளும் சமுதாயத்திற்குச் செய்யும் இன்றியமையாத பணியும் ஞாயிறு ஓய்வுக் கடமையிலிருந்து முறையாக விலக்களிக்கும் என்று கற்பிக்கிறது. அவ்விலக்கு வழிபாட்டையும் குடும்ப வாழ்வையும் கெடுக்கும் பழக்கமாகிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஆகவேதான் பண்ணைக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் முதல் திருப்பலிக்கும் மற்றவர் அடுத்த திருப்பலிக்குமாக முறைவைத்துச் செல்கிறார்கள்.

யார் கறப்பார்?

இனி, இத்தொழிலின் உள்ளே மறைந்திருக்கும் அச்சத்திற்கு வருவோம். நாம் காய்ச்சலில் படுத்தால் அலுவலகத்திற்கு விடுப்புக் கடிதம் அனுப்பலாம். கடையை மூடிவிடலாம். மாட்டுக்காரர் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டால், அன்று மாலை ஐந்து மணிக்கு மடி நிறைந்து வலியால் கதறும் இருபது பசுக்களை யார் கறப்பார்? இரண்டு வேளை தவறினால் மடி வீங்கும். நாள்கள் சில தவறினால் மந்தையே கெடும். முன்னாளில் பாட்டனாரும் சிற்றப்பனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். இன்று பல பண்ணைகளில் கணவன் மனைவி இருவரே. 1985ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 99,000 பண்ணைகள் இருந்தன. இந்நாளில் 50,000க்கும் குறைவே. ஒவ்வொரு பண்ணை மூடும்போதும், அடுத்த பண்ணையார் ஓர் அயலாரை இழக்கிறார். பனிக்கால இரவில் கதவைத் தட்டி உதவி கேட்கக்கூடிய விளக்கு ஒன்று அணைந்துபோகிறது. பாரத்தை வெளியே சொல்லாமல் தனியே சுமந்து மனம் ஒடிந்துபோகும் உழவரும் உண்டு என்பது துயரமான உண்மை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நோயுற்ற உழவருக்குப் பதிலாக வந்து கறக்கப் பயிற்சி பெற்ற பண்ணைத் துணைவர்களை அனுப்பும் அமைப்புகள் அந்நாட்டில் உண்டு. சுவிட்சர்லாந்தின் காரித்தாஸ் நிறுவனம் இன்னொரு பணியைச் செய்துவருகிறது. இன்னலுற்ற மலை உழவர் குடும்பங்களுக்கு, தாமாக முன்வரும் நகரத்து மக்களை அனுப்பிவைக்கிறது. அவர்கள் அக்குடும்பத்தோடு தங்கி, உணவும் உறையுளும் மட்டும் பெற்றுக்கொண்டு, கூலியின்றி ஒரு வாரமேனும் உழைக்கிறார்கள். எழுத்தரும் ஆசிரியரும் மாணவரும் சாணம் வாருகிறார்கள், புல் சுமக்கிறார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் உதவி அன்று அது. தம் கைகளையும் நாள்களையும் கொடுக்கும் உதவி.

நம் பங்கில்

அன்புள்ள குடும்பத்தினரே! நம் பங்குகளில் பனி பெய்வதில்லை. 58 டன் புல்லும் தேவையில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாடுகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் நம் நடுவிலும் உண்டு. விடியுமுன் நம் வாயிலில் பால் வைத்துவிட்டுப் போகும் கைம்பெண் ஒருத்தி மருத்துவமனையில் சேர்ந்தால், நாம் என்ன செய்கிறோம்? பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம், செபிக்கிறோம். இரண்டும் நன்றே. ஆனால் கட்டிலில் கிடக்கும் அவள் மனத்தில் ஓடும் கேள்வி வேறு. மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள் என்பதே அது. அதைக் கேட்டறிந்து, தொழுவத்திற்குப் போய் ஒரு வாளி தண்ணீர் வைப்பவரே அவளுக்குச் செய்யவேண்டிய உதவியைச் செய்தவர். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர் இயக்கத்தினரும் தங்கள் பங்கில் அத்தகைய குடும்பங்கள் எவை, அவசர வேளையில் கறக்கவும் தீவனம் இடவும் அறிந்தவர் யார் யார் என்று இப்போதே குறித்துவைத்தால், அது பெருஞ்செலவில்லாத அருஞ்செயலாகும்.

இன்னொன்றும் செய்யலாம். பிப்ரவரி 2ஆம் நாள் மெழுகுதிரியுடன் வீடு திரும்பியதும், கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒருசேர அமர்ந்து குடும்பத்தின் பரணை அளந்து பாருங்கள். பள்ளிக் கட்டணம் வரப்போகும் திங்கள், வேலை குறையும் திங்கள், திருமணச் செலவு எதிர்நோக்கும் திங்கள் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். பாதி மீதி இருக்கிறதா? இல்லையெனில், எதைக் குறைப்பது என்று வெளிப்படையாகப் பேசுங்கள். வீட்டில் வாய்பேசாதவர்களின் பங்கை, அதாவது முதியோரின் மருந்தையும் குழந்தையின் பாலையும், மனைவியின் உணவையும் சத்தமின்றிக் குறைப்பது மூன்றாவது வழி. அதை மட்டும் தேர்ந்துகொள்ளாதீர்கள்.

அத்திருநாளில் கோவிலுக்கு வந்த சூசையப்பரும் மரியன்னையும் ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற ஏழைகள். ஏழைகளுக்கென்று சட்டம் குறித்த இரு பறவைகளையே அவர்கள் காணிக்கை கொண்டுவந்தார்கள். தம் கையிருப்பை அளந்து வாழத் தெரிந்த குடும்பம் அது. தீவனத் தொட்டியில் பிறந்த திருமகன் அக்குடும்பத்தில் வளர்ந்தார். அவர் நம் குடும்பங்களையும், உலகெங்கும் இருளில் எழுந்து கொட்டகைக் கதவைத் திறக்கும் உழைப்பாளரையும், அவர்தம் வாயில்லா உயிர்களையும் காத்தருள்வாராக.